ஆகுமா என்று கேட்டோம். கூலி என்னவென்று கேட்டோமா?

விடுமுறையில் கொடைக்கானல் சென்று திரும்பும் நம் குடும்பங்கள் சில, ஊர் வந்ததும் ஒரு கேள்வியை எழுப்புகின்றன. கம்பளி நூலால் பின்னிய விண்மீன், மணி, பனிக்குல்லாய், விரற்கடை அளவிலான காலுறை ஆகியவற்றைக் கடையில் கண்டோம், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதற்காகச் செய்யப்பட்டவையாம், அவற்றை வாங்கலாமா? நம் பெண்கள் அவற்றைப் பின்னிக் கொடுத்துக் கூலி பெறுவது ஆகுமா?

கேள்வி பிழையன்று. ஹலாலைத் தேடுவோர் கேட்கத்தான் வேண்டும். பிற சமயத்தாரின் வழிபாட்டுச் சின்னத்தைச் செய்து கொடுப்பது பற்றியும், வெறும் அலங்காரப் பொருளைச் செய்து கொடுப்பது பற்றியும் ஆலிம்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். ஐயமுடையோர் அவர்களிடமே தெளிவு பெறட்டும். ஸ்ரீநகரின் முஸ்லிம் கைவினைஞர்கள் காகிதக் கூழில் உருண்டையும் மணியும் விண்மீனும் செய்து, வண்ணம் தீட்டி, ஐரோப்பிய அமெரிக்க நாடுகளின் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் பல பத்தாண்டுகளாக அனுப்பி வருகிறார்கள். அத்தொழிலால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆகவே இக்கேள்வி புதியதுமன்று.

என் வழக்கு வேறு. ஆகுமா என்று கேட்கும் அதே நாவு, அந்தக் கடை வாசலில் நின்று, "நூற்றைம்பதா? இந்த நூல் உருண்டைக்கா? நூறு ரூபாய்க்குக் கொடுங்கள்" என்று வாதாடுகிறதே, அதைப் பற்றியது.

கைப்பின்னல் உருண்டை ஒன்று எப்படி உருவாகிறது என்பதை முதலில் அறிவோம். நான்கு ஊசிகளில் ஊசிக்கு மூன்றாகப் பன்னிரண்டு கண்ணிகளை ஏற்றி, ஐந்தாவது ஊசியால் வட்டமாகப் பின்னத் தொடங்குவர். சுற்றுச் சுற்றாகக் கண்ணிகளைப் பெருக்கி நாற்பத்தெட்டுக்குக் கொண்டுசெல்வர். உருண்டையின் நடுவயிற்றில் பூவோ மானோ தெரிய வேண்டுமானால், இரண்டு நிற நூல்களை மாற்றி மாற்றி எண்ணிப் பின்ன வேண்டும். ஒரு கண்ணி தவறினாலும் உருவம் சிதையும். பிரித்து மீண்டும் பின்ன வேண்டியதுதான். பிறகு கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்து, பஞ்சைத் திணித்து, வாயைச் சுருக்கிக் கட்டி, தொங்கவிட ஒரு கயிற்றையும் சேர்க்க வேண்டும். தேர்ந்த கைக்கும் இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை இது. மலையின் மார்கழிக் குளிரில், விறைத்த விரல்களோடு செய்தால் இன்னும் கூடும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கும் பஞ்சுக்கும் 20, கடைக்காரருக்கு 40 போக, பின்னியவளுக்கு 90. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் உழைத்து நான்கு செய்தால் 360 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025–26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336. அதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். இனி நம் சகோதரர் பேரம் பேசி 100 ரூபாய்க்கு வாங்குகிறார். நூலின் விலை குறையாது. கடைக்காரர் தம் நாற்பதை விடமாட்டார். அவள் பங்கு 40 ஆகச் சுருங்குகிறது. நாள் முழுதும் உழைத்தால் 160. அரசுக் கூலியில் பாதிகூட இல்லை. பேரத்தில் நாம் மிச்சம் பிடித்த ஐம்பது ரூபாயும் அவளுடைய விரல்களிலிருந்து வந்தது.

அதே குடும்பம் அடுத்த கடையில் அச்சிட்ட விலையொட்டிய சாக்லேட் பெட்டிகளை மறுபேச்சின்றி எடுத்து அடுக்குகிறது. பெட்டிக்கு உள்ள மரியாதை கைக்கு இல்லை.

"பேரம் பேசுவது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டதாயிற்றே" என்பர். ஆம். ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்துக்கு நபி (ஸல்) அவர்களே விலை பேசினார்கள் என்று நினைவூட்டுவர். நன்று. அந்த நிகழ்ச்சியை முடிவுவரை படித்தவர்கள் எத்தனை பேர்? மதீனா வந்து சேர்ந்ததும் பேசிய விலையை முழுதாகக் கொடுத்து, ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள் என்பதல்லவா அதன் முடிவு? முன்பாதியை மட்டும் கடைவீதிக்கு எடுத்துச் செல்கிறோம். ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்கு விடுத்த எச்சரிக்கையும் அளவையோடும் நிறுவையோடும் நிற்கவில்லை. பிறருடைய பொருளின் மதிப்பைக் குறைப்பதையும் சேர்த்தே அது கண்டித்தது. கூலிக்கு ஆளை அமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்னும் நபிமொழியை நாம் வெள்ளிமேடையில் கேட்காத ஆண்டுண்டா?

இதற்கெல்லாம் அடியில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது: பொழுதுபோக்கு. "வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் பொழுதுபோக்காகப் பின்னுவதுதானே?" இந்தச் சொல்லின் வரலாறு நீண்டது. ஆந்திரத்தின் நரசாப்பூரில் கொக்கி ஊசியால் லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் 1982இல் ஒரு நூல் எழுதினார். உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அப்பெண்கள் தொழிலாளர் என்று எண்ணப்படவில்லை. ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள் என்றே கொள்ளப்பட்டார்கள். இல்லத்தரசி என்று பெயரிட்டதால் கூலியைக் குறைப்பது எளிதாயிற்று. இலாபம் வணிகர் கைக்குச் சென்றது.

நம் பக்கத்திலேயே இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. 1819இல் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் என்னும் மிஷனரிப் பெண்மணி, தாம் நடத்திய பள்ளியில் லேஸ் பின்னக் கற்பித்தார். அடிமைத்தனம் சட்டப்படி நிலவிய அந்தத் திருவிதாங்கூரில், பின்னி ஈட்டிய பணத்தைக் கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தார்கள். பொழுதுபோக்கு எவரையும் விடுவிப்பதில்லை, கூலி விடுவித்தது.

கொடைக்கானலிலும் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்களே 1845இல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். கிறிஸ்துமஸ் அலங்காரங்களுக்கு அவ்வூரில் சந்தை இருப்பதில் வியப்பில்லை. நலிந்தோர் செய்த கைவினைப் பொருள்களை விற்று, வரும் பணத்தை அத்தகையோர்க்கே செலவிட, கோர்சாக் என்னும் தொண்டமைப்பு அங்கே 'காட்டேஜ் கிராஃப்ட்ஸ்' என்ற கடையை நடத்தி வந்துள்ளது. அந்தப் பணியைக் குறித்த பொறாமை எனக்கு உண்டு, ஒளிப்பானேன்? இத்தனை ஜமாஅத்துகளும் வக்ஃபு கடைகளும் வைத்திருக்கும் நாம், கைம்பெண்ணின் கைவேலையை நியாய விலைக்கு விற்றுத்தர ஓர் அலமாரியாவது ஒதுக்கியிருக்கிறோமா? தையல் இயந்திரம் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் துணைவியார் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைத்தொழிலால் ஈட்டித் தர்மம் செய்தவர்கள் என்பதைப் பயான்களில் சிலாகிக்கிறோம். இன்று ஒரு ஸைனப் பின்னிக்கொண்டு வந்தால் பாதி விலைக்குக் கேட்கிறோம்.

வாங்குவோர் அறிய வேண்டிய ஒன்று. மலைக்கடைகளில் 'கைப்பின்னல்' என்று விற்கும் கம்பளி ஆடைகள் எல்லாம் கையால் பின்னியவை அல்ல. லூதியானா போன்ற ஊர்களின் ஆலைச்சரக்கும் அவற்றில் கலந்திருக்கும். ஊசிப் பின்னலை இயந்திரம் செய்யும். ஆனால் கொக்கி ஊசியால் செய்யும் குரோஷே பின்னலை அப்படியே செய்துதரும் இயந்திரம் சந்தையில் இல்லை. ஆகவே இருபது ரூபாய்க்கு ஒரு குரோஷே விண்மீன் கிடைத்தால் மகிழ வேண்டாம். எங்கோ ஒரு மனிதக் கை அதைப் பின்னியிருக்கிறது. அந்தக் கைக்கு என்ன சேர்ந்திருக்கும் என்பதை இருபதிலிருந்து கழித்துப் பாருங்கள்.

நம் வீடுகளிலும் இப்போது ரமலானில் பிறையும் விளக்கும் தொங்குகின்றன. பெரும்பாலும் மினுமினுக்கும் பிளாஸ்டிக், ஷவ்வாலில் குப்பைக்குப் போவது. தொங்கவிடுவது தேவைதானா என்பது தனி விவாதம். தொங்கவிடுவதென்று முடிவு செய்த வீட்டார், பின்னத் தெரிந்த ஒரு பெண்ணிடம் முப்பது நோன்புக்கு முப்பது பிறை கேட்கலாம். விலையை அவளே சொல்லட்டும். நூலுக்கு முன்பணம் கொடுங்கள். ரஜபு மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறைக்கு ஒரு மணி நேரம் என்றாலும், முப்பது மணி நேர வேலை அது.