பெயரா, பாடத்திட்டமா?

நுழையும்முன்

பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் கேள்வி, 'எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது?' என்பதாகும். கணக்கீட்டு அறிவியல் என்னும் துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அக்கேள்விக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

தில்லியிலோ மும்பையிலோ வாழும் தமிழ்க் குடும்பம் கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்கிறது. அக்குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் இருந்தால், அவரை வரவேற்கும் முதல் கேள்வி "எந்தக் காலேஜ்?" என்பதே. மாமா ஒரு பெயரைச் சொல்வார்; சித்தப்பா வேறொரு பெயரைச் சொல்வார்; பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த கல்லூரி மூன்றாவது பெயராக வந்து சேரும். அங்கே என்ன கற்பிக்கிறார்கள் என்று மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. மாணவரின் பல ஆண்டு உழைப்பும் பெற்றோரின் சேமிப்பும் ஒரு பெயரை நம்பி ஒப்படைக்கப்படுகின்றன. இப்பழக்கம் எத்துறைக்கும் ஏற்றதன்று. கணக்கீட்டு அறிவியலுக்குச் சிறிதும் ஏற்றதன்று.

கணினி அறிவியலும் கணக்கீட்டு அறிவியலும் ஒன்றல்ல. முன்னது கணினியையே பொருளாகக் கொண்டு, நிரல், தரவுத்தளம், வலையமைப்பு முதலியவற்றை ஆராய்வது. பின்னது கணினியைக் கருவியாகக் கொண்டு இயற்கையை ஆராய்வது. வங்கக் கடலில் உருவான புயல் எங்கே கரையைக் கடக்கும்? மருந்தின் மூலக்கூறு ஒரு புரதத்தோடு எவ்வாறு பொருந்தும்? விமானத்தின் இறக்கையைச் சுற்றிக் காற்று எவ்வாறு பாயும்? இத்தகைய கேள்விகளைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றுக்குக் கணினியின் துணையால் விடை காண்பதே இத்துறையின் பணி. கணிதம், இயற்கை அறிவியல், நிரலாக்கம் என்னும் மூன்றும் இதற்கு வேண்டும். முக்காலியில் ஒரு கால் குறைந்தாலும் அது நிற்பதில்லை.

இதற்குச் சிறந்த சான்று தமிழ் மண்ணிலேயே உள்ளது. 1963-ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்பதை அவர்கள் கணக்கிட்டு வரைபடமாக்கினர். இன்று ஒரு மாணவரின் கைப்பேசியில் உள்ள கணிப்பாற்றலில் சிறு பகுதிகூட அன்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்னும் அறிவியல் தெளிவும், அதைக் கணக்காக மாற்றும் கணிதத் திறனும் அவர்களிடம் இருந்தன. 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று பெயர் பெற்ற அது, புரதங்களின் அமைப்பைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது.

ஆகவே, பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அதன் பாடத்திட்டத்தையே முதலில் படிக்க வேண்டும். நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்ணியல் முறைகள், நிகழ்தகவு ஆகியவை அதில் முறையாக இடம்பெற்றுள்ளனவா? இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் முதலாண்டோடு நிறுத்திவிடாமல் ஆழமாகக் கற்க வழியுண்டா? இறுதியாண்டில் மாணவர்கள் எவ்வகைத் திட்டப்பணிகளைச் செய்கின்றனர்? இவற்றுக்கான விடைகளைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும், அங்குப் பயிலும் மூத்த மாணவர்களிடமும் பெறலாம்.

தரவரிசை போதாதா என்று சிலர் கேட்பர். இந்திய அரசின் தேசிய நிறுவனத் தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. கற்பித்தலும் வளங்களும், ஆய்வு, பட்டம் பெற்றோரின் நிலை, அனைவரையும் உள்ளடக்கும் தன்மை, நிறுவனத்தைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள மதிப்பு ஆகிய ஐந்தும் அதன் அளவுகோல்கள். அது பயனுள்ள பட்டியலே. எனினும், அதன் பொதுப்பட்டியல் முழு நிறுவனத்தையும் அளக்கிறது. மாணவர் அமர்ந்து கற்கப்போவதோ ஒரே ஒரு துறையில்.

பட்டத்தின் பெயரைத் தேடி அலைவதும் தேவையற்றது. இந்தியாவில் இத்துறைக்கென அமைந்த படிப்புகளுள் பல முதுநிலையிலேயே உள்ளன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கணக்கீடு மற்றும் தரவு அறிவியல் துறை, தில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கணக்கீட்டு மற்றும் ஒருங்கிணைந்த அறிவியல் புலம் ஆகியவை அதற்கு எடுத்துக்காட்டுகள். இளநிலையில் கணிதத்தையோ இயற்பியலையோ நன்கு கற்று, உடன் நிரலாக்கத்திலும் பயிற்சி பெற்றவர் இத்தகைய படிப்புகளை நோக்கிச் செல்லலாம். ஆனால், பதினொன்றாம் வகுப்பிலேயே கணிதத்தைக் கைவிட்டவருக்கு அவ்வழி மிகவும் கடினமாகிவிடும். எனவே, பல்கலைக்கழகத் தேர்வு உண்மையில் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது.

பெற்றோரின் கவலையைப் புறக்கணிக்கலாகாது. பெயர்பெற்ற நிறுவனத்தில் படித்தால் வேலை எளிதில் கிடைக்கும் என்று அவர்கள் எண்ணுவதில் ஓரளவு உண்மை உண்டு. கட்டணமும் கல்விக்கடனும் குடும்பத்தின் மீது விழும் சுமைகள். உறவினர் வாழும் ஊரில் பிள்ளை படித்தால் நல்லது என்னும் விருப்பமும் இயல்பானதே. பாடத்திட்டத்தில் இரு நிறுவனங்கள் சமமாக இருக்குமாயின், கட்டணமும் பெயரும் ஊரும் முடிவு செய்யட்டும். பாடத்திட்டத்தைப் பார்க்காமலே அவற்றைக் கொண்டு முடிவு செய்வதுதான் தவறு.

அடுத்த விடுமுறையில் "எந்தக் காலேஜ்?" என்று மாமா கேட்கும்போது, ஒரு பெயரை மட்டும் சொல்லாமல், அங்கே தான் கற்கப்போவது இன்னது என்று விளக்க வல்ல மாணவரே சரியாகத் தேர்ந்தெடுத்தவர் ஆவார்.

சொற்பொருள்

நிரல் – கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு
புலம் – பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு
முதுநிலை – இளநிலைப் பட்டத்திற்கு அடுத்த படிப்பு

சிந்தித்து எழுதுக

1. கணினி அறிவியலுக்கும் கணக்கீட்டு அறிவியலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. இராமச்சந்திரன் வரைபடம் இக்கட்டுரையின் கருத்துக்கு எவ்வாறு வலுச் சேர்க்கிறது?
3. 'பல்கலைக்கழகத்தின் பெயரே முதன்மையானது' என்னும் கருத்தை ஆதரித்து ஒரு பத்தி எழுதுக. பின்னர் அதற்கு மறுப்பும் எழுதுக.