நாலு பேருக்கும் ஒரே நாள் லீவு

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் படிக்க வேண்டாம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் நான் போட்ட பழைய கேசட் பாட்டைக் கேட்டுவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். "சார், நீங்க ஆர்மோனியம் வாசிப்பீங்களா? எங்களுக்குத் தெரியவே தெரியாதே!" என்று பாதிப் பேர். "அந்தக் காலம் மாதிரி வருமா? இப்ப பசங்க எப்பப் பாத்தாலும் செல்போனோட கிடக்கிறாங்க" என்று மீதிப் பேர். முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், சுமாராக வாசிப்பேன். இரண்டாவது கருத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் கேசட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது 1986-ல் பதிவு செய்த ஒரு சி-60. பக்கத்துக்கு அரை மணி நேரம். துபாயிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த டூ-இன்-ஒன் பெட்டியை ஒரு வகுப்பறை பெஞ்சின் மேல் வைத்து, அதிலேயே இருந்த ஒற்றை மைக்கில் எடுத்தது. நாங்கள் ஆறு பேர். நான் ஆர்மோனியம். போஸ்ட்மேன் ஒருவர்தான் பாடகர். கூட்டுறவு சங்க எழுத்தர் தபலா, மின்வாரிய லைன்மேன் டோலக், டெய்லர் புல்புல்தாரா, ரேஷன் கடை எடையாளர் மோர்சிங். எங்கேயாவது கரண்ட் போனால் டோலக் பாதிப் பாட்டில் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடும்!

அப்போது ஊருக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடத்திய மேடைக் குழுவில்தான் 'அன்னக்கிளி'க்கு முன்னால் இளையராஜா வாசித்துக்கொண்டிருந்தார். சினிமாவுக்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசன், வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களைச் சேர்த்து மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவை நடத்தி, பாரதி பாடல்களைப் பல குரலில் கூட்டாகப் பாட வைத்தார். நாங்கள் அந்த உயரத்துக்கெல்லாம் போகவில்லை. ஆடிக் கிருத்திகைக்கும் பொங்கலுக்கும் சுற்றுப்பட்டு ஊர்களில் வாசித்தோம். டீயும் பொங்கலும் சம்பளம்.

கேசட்டை டிஜிட்டலாக மாற்றிக் கொடுத்தவன் உங்களில் ஒருவன்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பீரோவில் கிடந்த நாடா அது. முதலில் அதை ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றினான். டேப் டெக்கின் ஹெட்டைச் சுத்தம் செய்தான். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பித் திருப்பி, ஒலி எங்கே தெளிவாகிறது என்று பார்த்துப் பதிவு செய்தான். எம்பி3-யாக இல்லாமல் வேவ் கோப்பாகவே எடுத்து வைத்தான். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி குரல் உள்ள கேசட் இருந்தால் இப்படித்தான் செய்ய வேண்டும். தள்ளிப் போடாதீர்கள். நாடா வருடா வருடம் கெட்டுக்கொண்டேதான் இருக்கும்.

கேட்டபோது முதலில் காதில் விழுந்தது எங்கள் இசை இல்லை, தவளைச் சத்தம்! பிறகு எங்கோ ஒரு பம்பு செட். ஊருக்குள் வரும் கடைசி பஸ்ஸின் ஹாரன். இரண்டாம் பக்கம் முடியும் இடத்தில் ஒரு வேடிக்கை. பாட்டின் சுருதி மெல்ல மெல்ல ஏறுகிறது. ஒரு கட்டையில் தொடங்கிய பாட்டு ஒன்றரைக் கட்டைக்குப் போய் முடிகிறது. நாங்கள் சுருதி விலகவில்லை. அன்று பெட்டி பேட்டரியில் ஓடியது. பேட்டரி இறங்கியது. அப்படியானால் சுருதி ஏன் இறங்காமல் ஏறியது? எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் கருத்துப் பெட்டியில் பதில் எழுதலாம்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது பாட்டு இல்லை. கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் யாரும் பெட்டியை நிறுத்தவில்லை. ஒரு நிமிடம் வெறும் பேச்சு. "செவ்வாக்கெழம ஆறரைக்கு?" என்று போஸ்ட்மேன் கேட்கிறார். "ம்", "சரிண்ணே", "வந்துடறேன்" என்று ஐந்து குரல். பத்து விநாடிகூட ஆகவில்லை. ஆறு பேருக்கும் நாளும் நேரமும் ஒத்துப்போய்விட்டன.

இந்தப் பத்து விநாடியைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏனென்றால் இன்று இந்தப் பக்கத்தில் நான்கு பேர் இப்படி ஒரு நேரத்தை முடிவு செய்ய முடியாது.

என் பழைய மாணவன் ஒருவன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். நன்றாக கிடார் வாசிப்பான். அறையில் கூட இருப்பவர்களில் ஒருவன் கீபோர்டு, ஒருவன் கஹோன், இன்னொருவன் நன்றாகப் பாடுவான். "அப்புறம் என்னப்பா, ஒரு குழு ஆரம்பிக்க வேண்டியதுதானே?" என்றேன். "சார், எனக்கு ஏ ஷிப்ட்னா அவனுக்கு சி ஷிப்ட். எனக்கு வீக் ஆஃப் செவ்வாய், அவனுக்கு வெள்ளி. ஒம்பது மாசத்துல நாலு பேரும் சேந்து உக்காந்தது ரெண்டே வாட்டி சார்" என்றான்.

அந்த ரூமில் திறமை இருக்கிறது. வாத்தியம் இருக்கிறது, எங்களிடம் இருந்ததைவிட நல்ல வாத்தியம். கையில் இருக்கும் போன் எங்கள் டூ-இன்-ஒன்னைவிட நூறு மடங்கு நன்றாகப் பதிவு செய்யும். ஒன்றே ஒன்றுதான் இல்லை. நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு இல்லை. இதற்குப் போய்ச் செல்போனைத் திட்டலாமா?

எங்கள் ஆறு பேரைப் பாருங்கள். பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், சங்கம், ரேஷன் கடை எல்லாம் சாயங்காலம் மூடுபவை. டெய்லருக்கு அவரேதான் முதலாளி. சாயங்காலம் என்பது ஊர் முழுவதுக்கும் பொதுவாக இருந்தது. எங்கள் குழு நின்றதற்கு முதல் காரணம் எங்கள் திறமை இல்லை, அந்தப் பொதுச் சாயங்காலம்தான்.

பிறகு ஊர் மாறியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவந்தன. 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசையாக வந்தன. ஏரிக்கரையில் கேட்ட தவளைச் சத்தத்துக்கு ஏங்கிக்கொண்டு இதையெல்லாம் பழிக்கிறவன் நான் இல்லை. கடலையும் நெல்லும் பொய்த்த வருடங்களில் உங்கள் அப்பா அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் ஒரு பெண்கூட இல்லை என்பதும் நினைவில் இருக்கிறது. என் வகுப்பில் அருமையாகப் பாடிய இரண்டு பெண் பிள்ளைகள் கல்யாணத்தோடு பாட்டை நிறுத்தினார்கள். இன்று வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் அளவுக்கு விடுதி கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்திருக்கிறார்கள். இத்தனை இளம் பெண்கள் சொந்தச் சம்பளத்தோடு ஒரே இடத்தில் கூடுவது இந்த ஊர் சரித்திரத்தில் கிடையாது. அத்தனை பேரில் எத்தனை குரல் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

"ஆலை வந்தால் பாட்டுப் போகத்தானே செய்யும்?" என்று கேட்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் குவீன்ஸ்பரி என்ற ஊரில் ஜான் ஃபாஸ்டர் என்ற மில் முதலாளி, 1855-ல் தொழிலாளர்களுக்கு வாத்தியங்களும் சீருடையும் பழகுவதற்கு ஓர் அறையும் கொடுத்தார். அந்த பிளாக் டைக் மில்ஸ் பேண்டு இன்றும் பிளாக் டைக் பேண்டு என்ற பெயரில் வாசிக்கிறது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1850-ல், சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் பெண்களையும் இளைஞர்களையும் துணி மில்லில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. அந்தச் சட்டம்தான் பேண்டை உண்டாக்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரே சேர்ந்து வேலை முடிக்கும் நேரம் ஒன்று இருந்தால்தான் கொடுத்த வாத்தியத்துக்கும் அறைக்கும் பயன் இருக்கும்.

நம் பக்கத்துக் கதையும் அதுதான். 1923 மே 1-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். மே தினத்தின் வேர் எட்டு மணி நேர வேலைக் கோரிக்கை. தூங்க எட்டு மணி போனால், மிச்சம் எட்டு மணி மனிதனுக்குச் சொந்தம் என்பது அதன் கணக்கு. சரியாக நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க இடம் தரும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்து நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அது நல்லதாகப் போயிற்று. ஆனால் எட்டு மணி நேரம் என்று சட்டப்படி இருந்தாலே போதாது என்பதைத்தான் என் மாணவனின் ரூம் காட்டுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் நாலு பேருக்கும் ஓய்வு இருக்கிறது, வார விடுமுறையும் இருக்கிறது. ஒருவன் விழித்திருக்கும்போது மற்றவன் தூங்குகிறான். தனியாகக் கிடைக்கும் ஓய்வில் ரீல்ஸ்தான் பார்க்க முடியும்.

"ஆளுக்கு ஒரு டிராக் தனித்தனியாகப் பதிவு செய்து ஆப்பில் சேர்த்துவிடலாமே" என்று ஒருவன் எழுதியிருந்தான். செய்யலாம். கேட்க நன்றாகவும் இருக்கும். ஆனால் எங்கள் கேசட்டில் மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணத்தைக் கவனியுங்கள். போஸ்ட்மேனுக்கு மூச்சு வாங்குகிறது. அரை மாத்திரை தாமதிக்கிறார். தபலா அவருக்காகக் காத்திருந்து, அவர் வந்ததும் சேர்ந்துகொள்கிறது. டக் டக் என்று ஓடும் மெட்ரோனோம் யாருக்காகவும் காத்திருக்காது. ஒருவர் தடுமாறும்போது மற்றவர் பிடித்துக்கொள்ள, இருவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். பிறகு அசெம்பிளி லைனிலும் அதே பழக்கம்தானே வேண்டியிருக்கிறது?

இதைப் படிப்பவர்களில் சூப்பர்வைசர்கள் இருக்கிறீர்கள். எச்.ஆர். இருக்கிறீர்கள். விடுதி வார்டன் இருவர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஆலையை நிறுத்தச் சொல்லவில்லை. கண்ணாடி உலையை ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் பற்ற வைக்க முடியாது என்று எனக்கும் தெரியும். கேட்பது இவ்வளவுதான். சேர்ந்து வாசிக்கிற, சேர்ந்து நாடகம் போடுகிற, சேர்ந்து கபடி ஆடுகிற பிள்ளைகள் நாலு பேர் எழுதிக் கொடுத்தால், அவர்களை ஒரே ஷிப்ட் குரூப்பில் போடுங்கள். ஷிப்ட் மாறட்டும், நாலு பேரும் சேர்ந்து மாறட்டும். வீக் ஆஃப் ஒரே நாளாக இருக்கட்டும். விடுதியில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு இல்லாத ஓர் அறையை இதற்கென்று ஒதுக்குங்கள். கம்பெனிக்கு இதில் பெரிய செலவு இல்லை. ஷிப்ட் சார்ட் போடும்போது பத்து நிமிடம் கூடுதலாக யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு நாள் பணம் கொடுத்து வெளியிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா கூட்டி வருகிறீர்களே, அதைவிட இது நல்லது.

எங்கள் ஆறு பேரில் மூவர் இன்று இல்லை. போஸ்ட்மேனின் மகள் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, பாட்டைவிட அப்பா பேசுகிற இடம்தான் வேண்டும் என்று அதை மட்டும் தனியாக வெட்டி வாங்கிக்கொண்டாள். இன்று அந்த ரூமில் இருக்கும் நாலு பிள்ளைகளின் குரலையும் நாளைக்கு யாரோ தேடுவார்கள். அப்போது கிடைக்க ஏதாவது இருக்க வேண்டாமா?

வல்லம், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் வாசிக்கவோ பாடவோ தெரிந்தவர்கள் உங்கள் ஷிப்டையும் வீக் ஆஃப் நாளையும் கீழே எழுதுங்கள். யார் யாருக்கு ஒத்துப்போகிறது என்று நான் அட்டவணை போட்டுப் பார்க்கிறேன். கணக்கு வாத்தியாருக்கு ஓய்வு காலத்தில் வேறு என்ன வேலை? என் ஆர்மோனியத்துக்கு இரண்டு கட்டைதான் சரியில்லை. வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போகலாம்.