கிரகங்கள் எட்டா, ஒன்பதா?

பள்ளிக்கூடத்தில் சூரிய மண்டலம் பற்றிப் பேச வேண்டும். பையன் வீட்டில் உரக்கப் படித்துப் பார்க்கிறான்: "கிரகங்கள் மொத்தம் எட்டு."

"எட்டு இல்லையடா, ஒன்பது" என்கிறார் அப்பா.

"ஆமாம், ஒன்பதுதான்" என்கிறார் பாட்டி.

பல வீடுகளில் நடக்கும் வழக்கு இது. யார் சொல்வது சரி?

இரண்டு ஒன்பது

பாட்டியின் ஒன்பது வேறு. அப்பாவின் ஒன்பது வேறு!

பாட்டி சொல்வது நவக்கிரகம். அதில் சூரியன், சந்திரன், ராகு, கேது எல்லாம் உண்டு. நாம் வாழும் பூமி இல்லை.

அப்பா படித்தது விஞ்ஞானக் கணக்கு. சூரியன் ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றி வருபவை புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ. ஆக ஒன்பது.

பையனின் பாடத்தில் புளூட்டோ இல்லை. அது எங்கே போயிற்று?

பெயர் வைத்த சிறுமி

புளூட்டோவை 1930-ம் ஆண்டு அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் கிளைடு டாம்போ. அப்போது அவருக்கு வயது 24. விவசாயி மகன். அதுவரை கல்லூரியில் படிக்காதவர்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் வெனிஷியா பர்னி என்ற 11 வயதுச் சிறுமி இருந்தாள். காலைச் சாப்பாட்டு வேளையில் தாத்தா பத்திரிகையைப் பார்த்துச் செய்தியைச் சொன்னார். "புளூட்டோ என்று பெயர் வைக்கலாமே" என்றாள் அவள். புளூட்டோ, ரோமாபுரிக் கதைகளில் வரும் பாதாள உலகத் தெய்வம்.

"சும்மா சாப்பிடு" என்று தாத்தா அதட்டவில்லை. தமக்குத் தெரிந்த வான சாஸ்திரப் பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியர் அமெரிக்காவுக்குத் தந்தி அடித்தார். அந்தப் பெயரே நிலைத்தது! பேத்திக்குத் தாத்தா தந்த பரிசு 5 பவுன்.

ஏன் நீக்கினார்கள்?

புளூட்டோ மிகச் சிறியது. நம் சந்திரனைவிடச் சிறியது. 2005-ம் ஆண்டில் ஏறக்குறைய அதே அளவில் ஏரிஸ் என்ற இன்னொரு கோளம் இருப்பது தெரிய வந்தது. புளூட்டோ கிரகம் என்றால் ஏரிசும் கிரகம்தானே? இப்படி எத்தனையைச் சேர்ப்பது?

2006-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, பிராக் நகரில் உலக வானியல் அறிஞர்கள் கூடி ஓட்டெடுத்தார்கள். கிரகம் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும். உருண்டையாக இருக்க வேண்டும். தன் பாதையில் தன்னை ஒத்த வேறு கோளங்கள் இல்லாதபடி அது ஒன்றே பெரிதாக இருக்க வேண்டும்.

முதல் இரண்டிலும் புளூட்டோ தேறியது. மூன்றாவதில் தவறியது. இன்று அதன் பெயர் குறுங்கோள். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாறியது நம் கணக்குத்தான். இந்த முடிவை ஏற்காத விஞ்ஞானிகளும் உண்டு.

அதே 2006-ம் ஆண்டு ஜனவரியில் புளூட்டோவை நோக்கி ஒரு விண்கலம் புறப்பட்டது. அதில் தூசியை எண்ணும் கருவி ஒன்று உண்டு. செய்தவர்கள் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள்! அதற்கு வெனிஷியாவின் பெயரையே சூட்டினார்கள். 2015 ஜூலையில் விண்கலம் புளூட்டோவை நெருங்கிப் படம் பிடித்தது.

பெற்றோர் கவனத்துக்கு

கடையில் படம் வாங்கி அட்டையில் ஒட்டினால் மார்க்கு கிடைக்கலாம். அறிவு கிடைக்குமா?

வெனிஷியா பள்ளியில் களிமண் உருண்டைகளை உரிய தூரத்தில் வைத்து, கிரகங்களின் இடைவெளியைக் கற்றவள். நம் பிள்ளைகளும் செய்யலாம். தெருவில் சூரியனுக்கு ஒரு கல் வையுங்கள். அங்கிருந்து 1 அடியில் பூமி. சுமார் 5 அடியில் வியாழன். 30 அடியில் நெப்டியூன். நடந்து பார்த்தால் தூரம் மறக்காது.

பரீட்சையில் எட்டு என்றே எழுத வேண்டும். ஆனால் வீட்டில், "ஏன் எட்டு?" என்று கேளுங்கள். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, நாளை கணக்கு மாறினால் திகைத்து நிற்கும். காரணம் தெரிந்த பிள்ளை பாட்டிக்கும் அப்பாவுக்கும் சேர்த்து விளக்கம் சொல்லும்.