எழுத்தாளருக்கு ஏற்ற கணினி

விலை உயர்ந்த மடிக்கணினியை வாங்கினால் எழுத்தும் உயரும் என்று எண்ணும் இளைஞர் ஈப்போவில் பெருகி வருகின்றனர். இது வெறும் மயக்கமே. காணொளி தொகுப்பவருக்கு மிகுந்த ஆற்றலுள்ள பொறி வேண்டும், மறுப்பாரில்லை. கதையும் கவிதையும் புனைபவருக்கு அஃது எதற்கு? விரலுக்கு இசைந்த விசைப்பலகையும் கண்ணை உறுத்தாத திரையுமே அவருக்குத் தேவை.

அதனினும் முதன்மையான கேள்வி, அதில் தமிழ் செம்மையாக இயங்குமா என்பதே. 1980களில் முத்து நெடுமாறன் இம்மலேசிய மண்ணில் முரசு மென்பொருளை உருவாக்கினார். 1999இல் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. இருந்தும் ஆங்கில எழுத்தின் முதுகிலேறித் தமிழ் எழுதுவோரை என்னென்பது! பழக்கம் எளிது என்பர். எளிமை ஒன்றே அளவுகோலாயின் இலக்கணம் எதற்கு?

வாங்கியதைப் பேணுதலும் கடமையே. பேராக்கின் ஈரக்காற்றும் இடிமின்னலும் கணினிக்குப் பகை. மின்னும் வேளையில் மின்னிணைப்பைக் கழற்றுக. படைப்புகளை ஒருங்குறியில் எழுதுக. பழைய குறியீட்டில் எழுதியவை, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற கிறுக்கலாகவே தோன்றும். ஒவ்வொன்றுக்கும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்க.

ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, பல செம்பனைக் காடுகளாயின, லயங்கள் மறைந்தன. அவ்வாழ்வைக் கூறும் கையெழுத்துப் படிகளைக் கரையான் தின்றது அன்றைய வறுமையின் குற்றம். இன்று எழுதுபவை கணினியோடு அழிந்தால், அது யாருடைய குற்றம்?