வீட்டு வாசலும் பொதுச்சாலையே!

வீட்டுக்கு எதிரே உள்ள சாலையில் வாகனத்தை நிறுத்துவது தமது பிறப்புரிமை என்று எண்ணுவோர் நாட்டின் எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். அங்கே வேறொருவரின் வண்டி நின்றுவிட்டால் அண்டை வீட்டாரிடையே பகை மூள்கிறது. தலைநகர் தில்லியில் இத்தகைய தகராறுகள் கைகலப்பாகி, காவல் நிலையம் வரை போவது புதிதன்று. உண்மையில், சண்டையிடும் இருவருக்குமே அந்த இடம் சொந்தமில்லை, அது பொதுச்சாலை.

அந்தமான்-நிகோபார் தீவுகளின் தலைநகரும் இந்தப் பிரச்சினைக்கு விலக்கல்ல. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயர் மாறி ஸ்ரீ விஜயபுரம் ஆன அந்நகரம் மேடும் பள்ளமுமானது; சாலைகள் வளைந்து ஏறி இறங்குபவை. 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் தலைநகரில் வசித்தனர். தீவுகளின் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் காடு என்பதால், சாலைகளை விருப்பம்போல் அகலப்படுத்தவும் நகரை விரித்துக்கொண்டே போகவும் இயலாது. நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இத்தீவுகளின் தெருப் பிரச்சினை நமக்கு அந்நியமானதும் அன்று.

இதற்குத் தீர்வாக உலக நகரங்கள் பலவும் கைக்கொள்வது, குடியிருப்போருக்கான வாகன நிறுத்த அனுமதித் திட்டம். குறிப்பிட்ட தெருவில் வசிப்போர் ஆண்டுக் கட்டணம் செலுத்தி அனுமதி பெறுவர். வெளியாருக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. பெங்களூருக்கென வகுக்கப்பட்ட இரண்டாவது வாகன நிறுத்தக் கொள்கை, வாகனத்தின் அளவுக்கேற்ப ஆண்டுக்கு ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரை கட்டணம் விதிக்கப் பரிந்துரைத்தது. சாலை நிலத்துக்கு விலை உண்டு என்பதை 2006-ம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆனால் அனுமதிச் சீட்டு மட்டும் இடத்தை உண்டாக்கிவிடாது. நூறு வண்டிகள் நிற்கக்கூடிய தெருவுக்கு இருநூறு சீட்டு வழங்கினால், ஆக்கிரமிப்புக்கு ரசீது கொடுத்ததாகவே அது முடியும்.

இங்கே தில்லியின் அனுபவம் பயன்படும். குடியிருப்புப் பகுதிகளின் வாகன நிறுத்தம் குறித்து 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நடைபாதை நடப்பவர்களுக்கே உரியது, அங்கு வாகனம் நிறுத்த இடமளிக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. கட்டட அனுமதி வழங்கும்போது அடுத்த 25 ஆண்டுகளின் தேவையை மதிப்பிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. அதே மாதம் தில்லி அரசு அறிவித்த விதிகள், ஒவ்வொரு பகுதிக்கும் தனித் திட்டம் வகுப்பதையும், அவசர ஊர்திகள் தடையின்றிச் செல்ல வழி விடுவதையும் வலியுறுத்தின. லஜ்பத் நகர் மூன்றாம் பகுதி முன்னோட்டத்துக்குத் தேர்வானது. விதிகள் வந்த பின்னரும் தில்லித் தெருக்களின் நெரிசல் தீரவில்லை என்பது வேறு. எழுதுவது எளிது, நடைமுறைப்படுத்துவதே கடினம் என்பதுதான் இதில் கிடைக்கும் பாடம்.

மற்றொரு பாடம் லண்டனிலிருந்து வருகிறது. அங்குள்ள பார்னெட் உள்ளாட்சி மன்றம் 2011-ல் குடியிருப்போருக்கான அனுமதிக் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தியது. குடியிருப்பாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை வருவாய் திரட்டப் பயன்படுத்தியது செல்லாது என 2013-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதிப் பற்றாக்குறையில் தவிக்கும் நமது நகராட்சிகள் மனதில் பதிக்க வேண்டிய தீர்ப்பு இது.

ஜப்பானில் 1962 முதலே, நிறுத்த இடம் உண்டு என்று சான்று காட்டினால்தான் கார் வாங்க இயலும் என்ற சட்டம் உள்ளது. அந்தமானுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அங்கு எந்தப் புதிய வாகனமும் கப்பலில்தான் வந்திறங்க வேண்டும். ஆகவே எண்ணிக்கையைக் கண்காணிப்பது பெருநிலத்தைவிட எளிது.

யார் முடிவெடுப்பது என்பதே முக்கியமான கேள்வி. உள்ளாட்சி அமைப்பைக் கலந்து வாகன நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ம் பிரிவு வழி செய்கிறது. தீவுகளுக்குச் சட்டப்பேரவை இல்லை. மக்களவையில் இருப்பது ஒரே உறுப்பினர். துணைநிலை ஆளுநரின் நிர்வாகம் மத்திய அரசுக்குக் கட்டுப்பட்டது. நகராட்சிக்கான 1994-ம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டமே, அரசமைப்புச் சட்டத்தின் 240-வது பிரிவின் கீழ்க் குடியரசுத் தலைவர் பிறப்பித்ததுதான். இந்நிலையில், மக்கள் தமது தெருவைப் பற்றி நேரில் கேட்கக்கூடிய தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி நகராட்சி உறுப்பினர் ஒருவரே. அவரைக் கலக்காமல் அதிகாரிகள் மட்டும் முடிவெடுத்தால், "கலந்து" என்ற சொல் காகிதத்தோடு நின்றுவிடும்.

எனவே, முதலில் ஒவ்வொரு தெருவும் அளக்கப்பட வேண்டும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் செல்லும் வழியையும் நடைபாதையையும் ஒதுக்கியபின் எஞ்சும் இடத்துக்கே அனுமதி வழங்க வேண்டும். வீட்டுக்கு ஒன்று என்பது விதியாகவும், இரண்டாவதற்குக் கட்டணம் கடுமையாகவும் இருக்கலாம். சொந்த வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் உரிமை வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். அரசு வாகனத்துக்கும் அதே விதி பொருந்த வேண்டும். வசூலாகும் தொகை அந்தந்த வார்டின் நடைபாதைக்கே செலவிடப்பட்டு, கணக்கு பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்.

கார் இல்லாதவரும் வரி செலுத்துகிறார். பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தைக்கும், பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவருக்கும் சாலையில் பங்கு உண்டு. அனுமதிச் சீட்டு கேட்டு நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நிற்கப்போகிறவர்கள் இவர்கள் அல்லர். அதனாலேயே, முடிவெடுக்கும் மன்றம் முதலில் இவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.