தேனில்லாப் பூவும் தொல்காப்பியர் உவமையும்

மூன்றாண்டுகளுக்கு முன் பம்பலப்பிட்டியில் யாம் குடியிருக்கும் வளவில் மூன்று பப்பாசி மரங்கள் நின்றன. அவற்றுள் ஒன்று நீண்ட காம்புகளிற் கொத்துக் கொத்தாய்ப் பூத்ததேயன்றிக் காய்த்ததில்லை. “ஆண் மரம், பயனில்லை” என்று வெட்டுவித்தேன். அதன்பின் ஏனை இரண்டும் பூத்துப் பூத்து உதிர்த்தனவே ஒழியக் காய் நிலைக்கவில்லை. என்னிடம் முன்னர்த் தமிழ் கற்று, இப்போது தாவரவியல் பயிற்றும் இளைஞர் ஒருவர் காரணத்தை விளக்கியபோது வெட்கினேன்.

பப்பாசியின் ஆண் பூவில் மணமும் தேனும் உண்டு. பெண் பூவில் தேன் இல்லை. (இருபாற் பூக்கும் மரங்களும் உள, எம் வளவில் நின்றவை அவையல்ல.) அந்திப்போதில் ஆண் பூக்களில் தேனருந்தி மகரந்தம் படியப்பெற்ற அந்துப்பூச்சி, நிறத்தாலும் தோற்றத்தாலும் மயங்கிப் பெண் பூவையும் நாடுகின்றது, ஒன்றும் பெறாது மீள்கின்றது. பூவோ கருக்கொள்கின்றது. பெண் பூவின் சூல்முடி ஐந்தாய்ப் பிரிந்து விரிந்து, ஆண் பூவின் இதழ்களை ஒத்திருத்தலே அம்மயக்கத்துக்கு ஏது என்பர் ஆராய்ந்தோர். கரணைக் கிழங்கின் பூ இன்னும் ஒரு படி மேல். அழுகிய ஊனின் நாற்றம் வீசி, அதனை விரும்பும் வண்டுகளை அழைக்கின்றது. தேன் உள்ளதுபோற் காட்டித் தேன் தராத பூக்கள் உள என்பதை ஜெர்மானியரான ஸ்பிரெங்கல் 1793ஆம் ஆண்டிலேயே நூலில் எழுதிவிட்டார்.

நாமோ மலரை வள்ளல் என்றும், வண்டைப் பரத்தையை நாடும் தலைவன் என்றும் இன்றுவரை கற்பித்து வருகின்றோம். பாட்டில் அது தகும், குறை கூறேன். ஆயினும் கட்டுரையில் எல்லா மலரும் தேன் தருவதில்லை என எழுதும் மாணவனுக்குப் புள்ளி குறைப்பது தகாது. யானும் ஒருகால் குறைத்தவனே.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்தினார். பெண் பூ ஆண் பூவை மெய்யாலும் உருவாலும் ஒக்கின்றது. பூச்சி நாடிய பயனால் ஒவ்வாது. (கரணையின் நாற்றம் நான்கனுள் எதன்பாற்படும் என்பதைப் புலவர் ஆராய்க.) பப்பாசிப் பூ இரண்டினை வகுப்பிற்குக் கொண்டுசென்று காட்டின், உவமவியலும் விளங்கும், தாவரவியலும் விளங்கும். ‘வஞ்சனை’ என்னும் சொல்லை மட்டும் யான் தவிர்ப்பேன். பூவுக்கு நினைவு ஏது? தேனுள்ள பூ அயலில் நிற்குமளவே தேனில்லாப் பூவின் தோற்றம் பூச்சியிடம் செல்லுபடியாகும். யான் வெட்டியது அந்தத் தேனுள்ள பூவை.

சென்ற ஆண்டு ஊன்றிய விதைகளுள் ஒன்று இப்போது நீண்ட கொத்துகளாய்ப் பூக்கின்றது. “காய்க்காத மரம் எதற்கு, வாத்தியார்?” என்று அயல் வளவார் கத்தி தர முன்வந்தார். வேண்டாம் என்றேன்.