சொந்தக் கட்சியைச் சந்தேகித்தவர்கள்

கட்சித் தொண்டன் ஒருவன் தன் கட்சி வேட்பாளரைப் பார்த்து, "இவர் உண்மையிலேயே நம்மவர்தானா?" என்று கேட்கலாமா? நம் நாட்டில் கேட்டால் அவனுக்குத் துரோகி என்று பட்டம் கிடைக்கும். தலைமை பட்டியலை வெளியிடும். தொண்டன் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டக் கிளம்புவான். வேட்பாளர் நேற்றுவரை எதிர்க்கட்சியில் இருந்தவர் என்றாலும் இவன் வாய் திறக்கக் கூடாது.

அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியின் பழமைவாதிகள் இந்தக் கேள்வியை வாய்விட்டே கேட்டார்கள். கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். அந்தச் சந்தேகத்தின் நடுவில் சிக்கிக்கொண்டவர்கள், நம்மைப் போலவே பிழைப்புத் தேடிப் பிறந்த மண்ணை விட்டுப் போன உழைப்பாளிகள். ஆகவேதான் இதை எடுத்துப் பேசுகிறோம்.

அங்கே ஜனாதிபதி வேட்பாளரைத் தலைமை நியமிப்பதில்லை. தேர்தல் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே மாநிலம் மாநிலமாக முன்தேர்தல் நடக்கிறது. அதில் கிடைக்கும் வாக்கைப் பொறுத்துப் பிரதிநிதிகள் சேருகிறார்கள். 2008இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக 1,191 பிரதிநிதிகள் தேவைப்பட்டனர். அந்த எண்ணிக்கையை நோக்கி முந்திச் சென்றவர் அரிசோனா செனட்டர் ஜான் மெக்கெய்ன். வியட்நாம் போரில் விமானியாக இருந்து பிடிபட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வதைபட்டவர். அவருடைய வீரத்தை எவரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகமெல்லாம் அவருடைய கொள்கையைப் பற்றியதுதான்.

அதற்குக் காரணங்களும் இருந்தன. சொந்தக் கட்சி ஜனாதிபதி புஷ் 2001இலும் 2003இலும் கொண்டுவந்த வரிக்குறைப்புகளை எதிர்த்து வாக்களித்தவர் அவர். தேர்தலில் பணம் புகுந்து விளையாடுவதைக் கட்டுப்படுத்தும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தை, ஜனநாயகக் கட்சி செனட்டர் ஒருவரோடு கைகோத்து நிறைவேற்றியவர். 2000ஆம் ஆண்டுப் போட்டியின்போது, கட்சிக்கு வாக்குச் சேர்த்துத் தந்த மதத் தலைவர்களையே சகிப்பின்மையின் முகவர்கள் என்று சாடியவர். "ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்" என்று பழமைவாதிகள் அவரை எடைபோட்டதில் வியப்பில்லை.

எல்லாவற்றையும்விட அவர்களை உறுத்தியது குடியேறியவர்கள் பிரச்சினை. ஆவணமில்லாமல் அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் அப்போது சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் என்பது கணக்கு. வயலில் பழம் பறித்தவர்களும், கட்டடத்தில் கல் சுமந்தவர்களும், ஓட்டலில் பாத்திரம் கழுவியவர்களும் அவர்களில் ஏராளம். அபராதம் கட்டி, வரிப்பாக்கி செலுத்தி, ஆங்கிலமும் கற்றுக்கொண்டால் அவர்கள் சட்டப்படி வாழ வழி செய்யலாம் என்று 2005இல் எட்வர்ட் கென்னடியோடு சேர்ந்து மசோதா கொண்டுவந்தார் மெக்கெய்ன். "சட்டத்தை மீறியவனுக்குப் பொதுமன்னிப்பா?" என்று கட்சியின் அடித்தளம் கொதித்தது. 2007ஆம் ஆண்டு மசோதாவும் ஜூன் 28 அன்று செனட்டில் மேலே நகர முடியாமல் விழுந்தது. ஆதரவு 46, எதிர்ப்பு 53.

ஆகவே 2008 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரிலும் தென் கரோலினாவிலும் புளோரிடாவிலும் அவர் வென்றபோது கட்சியின் ஒரு பகுதிக்கு மகிழ்ச்சியில்லை. வானொலியில் ரஷ் லிம்பா நாள்தோறும் எதிர்த்துப் பேசினார். அவருக்கு வாக்களிக்க மாட்டேன் என்று மதப் பிரசாரகர் ஜேம்ஸ் டாப்சன் அறிவித்தார். பிப்ரவரி 7 அன்று ராம்னி போட்டியிலிருந்து விலகி, மெக்கெய்னே வேட்பாளர் என்பது ஏறக்குறைய உறுதியான அதே நாளில், பழமைவாதிகள் மாநாட்டில் குடியேற்றம் பற்றி அவர் பேசத் தொடங்கியதும் கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. இரண்டு நாள் கழித்துக் கான்சாஸிலும் லூசியானாவிலும் ஹக்கபியை வெல்லவைத்து வாக்காளர்கள் தங்கள் மனக்குறையைப் பதிவு செய்தார்கள். மார்ச் 4 அன்றுதான் தேவையான எண்ணிக்கை மெக்கெய்னுக்குக் கிடைத்தது.

இந்தச் சந்தேகம் என்ன சாதித்தது? ஜனவரி 30 அன்று நடந்த விவாதத்தில், "உங்கள் பழைய மசோதாவே இன்று வாக்கெடுப்புக்கு வந்தால் ஆதரிப்பீர்களா?" என்று மெக்கெய்னைக் கேட்டார்கள். மாட்டேன் என்றார். முதலில் எல்லையை அடைக்க வேண்டும் என்பதே அவர் பேச்சாயிற்று. தான் பெற்ற பிள்ளையைத் தானே கைவிட்டார். ஆகஸ்டில் சாரா பேலினைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக்கியதும் டாப்சனும் மனம் மாறினார். இத்தனை வளைந்தும் நவம்பர் 4 அன்று 173க்கு 365 என்ற கணக்கில் ஒபாமாவிடம் தோற்றார். செப்டம்பரில் வெடித்த வங்கி நெருக்கடியும், புஷ் ஆட்சி மீதிருந்த வெறுப்பும் அந்தத் தோல்விக்குப் பெரும் காரணங்கள். சந்தேகித்தவர்கள் மீது மட்டும் பழி போடுவது நேர்மையாகாது.

கதை அங்கே முடியவில்லை. 2012இல் ராம்னியையும் இதே பழமைவாதிகள் சந்தேகித்தார்கள்; அவரும் தோற்றார். 2016இல் எல்லையில் சுவர் எழுப்புவேன் என்ற டிரம்ப் வேட்பாளரானபோது பழமைவாதிகளில் வேறொரு பகுதி சந்தேகப்பட்டது. 'நேஷனல் ரிவ்யூ' இதழ் அவருக்கு எதிராகத் தனி இதழே வெளியிட்டது. ஆனால் அவர் வென்றார். 2024இல் மீண்டும் வென்றார். மெக்கெய்னின் மாநாட்டில் எழுந்த கூச்சலே எட்டு ஆண்டுகளில் கட்சியின் குரலாகிவிட்டது.

இதிலிருந்து நாம் இரண்டு பாடங்களைக் கற்கிறோம். ஒன்று, வாக்காளன் தன் கட்சியைச் சந்தேகிப்பது பாவமல்ல. "எங்கள் கொள்கைக்கு நீ உண்மையாக இருப்பாயா?" என்று கேட்கும் உரிமை தொண்டனுக்கு உண்டு. அந்தப் பழமைவாதிகளின் கொள்கை நமக்கு உடன்பாடில்லை. ஆனால் கேட்கும் துணிவையும், கேட்பதற்கு அமைந்த வழியையும் நாம் மதிக்கிறோம். அந்த வழி நம் கட்சிகளிலும் வேண்டும்.

இரண்டாவது பாடம் கசப்பானது. யாருடைய வாழ்வு பேரம் பேசப்பட்டதோ, அந்த 1 கோடியே 20 லட்சம் பேருக்கும் அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. கோபப்பட்டவனுக்கு வாக்கு இருந்தது. அவன் பக்கம் வேட்பாளர் வளைந்தார். உழைத்தவனுக்கு வாக்கு இல்லை. அவனை எளிதாகக் கைவிட முடிந்தது. வாக்கில்லாதவன் மீது ஒரு தலைவர் காட்டும் பரிவு, முதல் தேர்தல் காற்றிலேயே பறந்துவிடும்.

நாம் அந்நிய நாட்டில் இல்லை. இந்தியக் குடிமக்கள், உரிமையோடு வாழ்கிறோம். ஆனாலும் 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய முழக்கத்தை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. அப்படி ஒரு முழக்கம் எந்த ஊரிலும், எந்தத் தேர்தலிலும் மீண்டும் கிளம்பலாம். அந்நாளில் நம் தெருவுக்கு வரும் வேட்பாளர் முதலில் பார்ப்பது நம் முகத்தையா? இல்லை, வாக்காளர் பட்டியலைத்தான்.

நம்மில் எத்தனை குடும்பங்களின் பெயர் இந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது? "ஊரில் பெயர் இருக்கிறது, போதும்" என்கிறோம். தேர்தல் நாளில் ரயிலுக்குப் பணமும் இல்லை, முதலாளி விடுப்பும் தருவதில்லை. ஊரிலும் வாக்கில்லை, இங்கும் வாக்கில்லை. நாமும்தான் ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால். இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் எந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 இறுதியில் அறிவித்தது. பல கட்சிகள் ஐயம் எழுப்பின. அதை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியில் வாக்காளராவது நம் உரிமை. ஊரில் வீடு இருப்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிடுவதில்லை என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. இரண்டு தொகுதிகளில் பெயர் இருக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். ஊரில் பெயர் உள்ளவர்கள் இடமாற்றத்துக்கும், 18 வயது நிறைந்த நம் பிள்ளைகள் புதிதாகவும் விண்ணப்பிக்கட்டும். வீட்டுப் பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள்.

பட்டியலில் பெயர் ஏறிய பிறகு எந்தக் கட்சியை வேண்டுமானாலும் ஆதரியுங்கள். எந்தக் கட்சியை வேண்டுமானாலும் சந்தேகியுங்கள். பெயர் இல்லாதவனின் ஆதரவையும் எவரும் தேடி வருவதில்லை. அவன் சந்தேகத்துக்கும் எவரும் பதில் சொல்வதில்லை.